ஆறவிடுதல்: டர்போ வண்டிக்கு ஏற்கெனவே இருக்கும் ஒரு தமிழ்ச் சொல்

திருச்சியிலிருந்து கானாடுகாத்தான் வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. வண்டி வீட்டு முகப்பில் நின்ற பிறகும் ஓட்டுநர் சாவியைத் திருப்பவில்லை. பின்சீட்டில் இருந்த என் ஆயா (எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் அழைப்போம்) கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா, வீடுதான் வந்திருச்சே. இன்னும் வண்டிய அமத்தலையா?"

"டர்போ ஆறட்டும் ஆச்சி. ஒரு நிமிசம்."

"ஆறுறதுக்கு அது என்ன காப்பியா?"

ஆயா கேலியாகத்தான் கேட்டார். ஆனால் இந்த இரண்டு பேரும் போகிறபோக்கில் சொன்ன 'ஆறு', 'அமத்து' என்ற இரண்டு சொற்களும் எனக்குப் பெரிய உதவி. டர்போ வண்டியை அணைக்கும் முன் கொஞ்ச நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சூட்டை இறக்குவதை 'டர்போ கூல்டவுன்' என்கிறார்கள். அதற்குத் தமிழ் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 'குளிர்வித்தல்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் டர்போ. லத்தீனில் 'டர்போ' என்றால் பம்பரம். சுழல்காற்றுக்கும் அதே பெயர். 1822-இல் கிளோட் பூர்டின் என்ற பிரெஞ்சுக்காரர், நீரின் விசையில் சுழலும் எந்திரத்துக்கு இந்தப் பம்பரத்திலிருந்து 'டர்பைன்' என்று பெயர் உண்டாக்கினார். அவருடைய மாணவர் பெனுவா ஃபூர்னெய்ரோன் 1827-இல் அதை உருப்படியாக ஓடும்படி செய்து காட்டினார். அப்புறம் 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி, எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே ஒரு டர்பைனைச் சுழற்றி, அதைக் கொண்டு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இதற்கு முதலில் வழங்கிய பெயர் 'டர்போசூப்பர்சார்ஜர்'. வாய் வலித்ததோ என்னவோ, நடுவில் இருந்த 'சூப்பர்' உதிர்ந்து டர்போசார்ஜர் ஆனது. பிறகு அதுவும் தேய்ந்து வெறும் டர்போ. கடைசியில் மிஞ்சியது பழைய பம்பரம்தான்.

கார்களுக்கு இது வந்தது 1962-இல். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் என்று இரண்டு அமெரிக்க வண்டிகள் அந்த ஆண்டு டர்போவோடு விற்பனைக்கு வந்தன. அதற்குப் பிறகு சொல்லுக்குக் கால் முளைத்துவிட்டது. 1983-இல் டர்போ பாஸ்கல், 1987-இல் டர்போ சி என்று கணினி மென்பொருளுக்குக்கூட வைத்தார்கள். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் நீலத்திரையைப் பார்த்து விழித்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே சுழல்வது ஒன்றும் இல்லை. 'வேகம்' என்ற பொருள் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டர்பைனுக்குத் தமிழில் சுழலி, விசையாழி என்று எழுதுகிறோம். டர்போசார்ஜருக்கு 'சுழலேற்றி' என்று சொல்லலாம்தான், ஆனால் 'ஏற்றி' என்றதும் கைபேசிக்கு மின்னேற்றும் கருவி ஞாபகம் வருகிறது. இங்கே மின்சாரம் ஏறவில்லை, எஞ்சினுக்குக் காற்று ஊட்டப்படுகிறது. அதனால் 'சுழலூட்டி' எனக்குப் பிடித்திருக்கிறது. புழக்கத்தில் டர்போ என்றே இருக்கட்டும், குற்றமில்லை. பட்டறையில் போய் "சுழலூட்டி விசிலடிக்குது" என்றால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கூல்டவுன் அப்படி இல்லை. அதற்குப் புதுச்சொல் கட்டவே வேண்டாம்.

ஏன் ஆற வேண்டும் என்பதை ஆயாவின் அடுப்படியை வைத்துச் சொன்னால் எளிது. டர்போவுக்குள் விரல் தடிமன்கூட வராத ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் புகை சுழற்றும் சக்கரம், மறுமுனையில் காற்றை அழுத்தும் சக்கரம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும். சிறிய டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான வண்டிகளில் இந்தத் தண்டு தாங்கிகளுக்குள் (பேரிங்) தலைமயிர் அளவு இடைவெளியில், எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. புகை வரும் பக்கம், பெட்ரோல் வண்டியில் முழு மிதியில் 900 டிகிரி செல்சியசுக்கு மேலும் போகும். டீசலில் அதைவிடக் குறைவு.

எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. கவுனி அரிசி கிண்டுகிறபோது கரண்டி நிற்காமல் இருந்தால் அடிப்பிடிக்காது அல்லவா, அதே கதை. எஞ்சினை அணைத்த நொடியில் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடுகிறது; கரண்டியை எடுத்தாயிற்று. ஆனால் அடுப்பில் தணல் இருக்கிறது. டர்போவின் இரும்புக் கூடு தேக்கி வைத்த சூடு, எடுத்துப் போக ஆளில்லாமல் தண்டு வழியாகத் தாங்கியை நோக்கி வருகிறது. அணைத்த பிறகுதான் அந்த இடத்தில் சூடு ஏறுகிறது என்பது பலருக்கும் தெரியாத சங்கதி. அங்கே தேங்கிய எண்ணெய் தீய்ந்து கரியாகப் படிகிறது. பொறியியலில் இதற்கு 'கோக்கிங்' என்று பெயர். கோக் என்றால் கல்கரி. எனக்கு 'எண்ணெய் அடிப்பிடித்தல்' போதும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. படிந்து படிந்து எண்ணெய் போகும் வழி அடைபட்டால் தாங்கி தேயும், நீலப்புகை வரும், பிறகு பெரிய செலவு.

இப்போது 'குளிர்' ஏன் பொருந்தாது என்று பார்ப்போம். ஒரு நிமிடம் நின்று ஓடிய பிறகு அந்த எஞ்சின் குளிர்ந்தா இருக்கிறது? உள்ளே ஓடும் நீர் அப்போதும் 90 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தொட்டால் கை வெந்துவிடும். எஞ்சின் சூடு அப்படியே இருக்கிறது, டர்போவின் மிகைச்சூடு மட்டும் இறங்கியிருக்கிறது. மிகுந்து எழுந்த ஒன்று தன் இயல்புக்கு இறங்குவதைத்தான் தமிழில் 'ஆறு' என்கிறோம். புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, களைத்தவர் இளைப்பாறுகிறார். எங்கள் பக்கத்தில் காலையில் விருந்தாளியைப் பார்த்ததும் "பசியாறிட்டீகளா?" என்றுதான் கேட்பார்கள். இவற்றில் எதிலும் குளிர்ச்சி இல்லை.

இதன் பிறவினை 'ஆற்று'. டீக்கடைக்காரர் ஆற்றுகிறார், டீ ஆறுகிறது. வண்டியில் ஆற்றுகிற வேலை ஓடும் எண்ணெயுடையது. ஓட்டுநர் செய்வதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வண்டியை நகர்த்தாமல் எஞ்சினை மட்டும் மெதுவாக ஓடவிடுவதுதான், அதாவது ஐடிலிங். அதனால் அவர் வேலைக்குப் பெயர் 'ஆறவிடுதல்'. பெயர்ச்சொல்லாக 'ஆற்றல்' என்று சுருக்க முடியாது, அதை அறிவியல் பாடம் வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டது. 'ஆறுதல்' என்றாலோ டர்போவுக்குத் துக்கம் விசாரிப்பதுபோல் ஆகிவிடும்.

ஆயா சொன்ன 'அமத்து' இன்னும் அழகு. அமர்த்து என்பதன் பேச்சு வடிவம். விளக்கை 'அணை' என்று சொல்லக் கூசுகிறவர்கள் 'அமர்த்து' என்பார்கள். அடுப்புக்கும் அதையே சொல்வதுண்டு. ஆக டர்போ வண்டிக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிற தொடர் ஒன்று நம் வாயில் தினமும் புழங்குகிறது: ஆற, அமர.

எவ்வளவு நேரம்? வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். பொதுவாக அரை நிமிடம், ஒரு நிமிடம். மலையேறியோ நெடுஞ்சாலையில் விரட்டியோ வந்து சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நிமிடம். தொண்ணூறு கிலோமீட்டர் உட்கார்ந்து வந்தவருக்கு இது ஒன்றும் பெரிதில்லை, ஆனால் ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுப்பதில்லையே. புது வண்டிகள் பலவற்றில் டர்போவைச் சுற்றி நீரும் ஓடுகிறது. சிலவற்றில் எஞ்சினை அணைத்த பிறகும் ஒரு சிறிய மின்பம்பு நீரைச் சுற்றவிடும், விசிறியும் கொஞ்ச நேரம் இரையும். பயப்பட வேண்டாம், அது தானாக ஆறிக்கொள்கிறது.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. அம்பாசடர் காலத்து ஓட்டுநர்கள் சிலர் அணைக்கும் முன் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து 'உர்ர்' என்று உறுமவிட்டு ஆஃப் பண்ணுவார்கள். அந்தக் காலத்து அம்பாசடருக்கு டர்போ கிடையாது, தப்பித்தது. டர்போ வண்டியில் அதைச் செய்தால் பம்பரத்தைச் சாட்டை போட்டுச் சுழற்றிவிட்டு எண்ணெயைப் பிடுங்கிக்கொள்வதாகும்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுத்தித்தான் ஆறவிட வேண்டும் என்பதில்லை. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக வந்தாலே டர்போ ஆறிவிடும். அன்று நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பியதும் எங்களுக்கு முன்னால் ஒரு மாட்டு மந்தை. வீடு வரும்வரை அதன் பின்னாலேயே ஊர்ந்துதான் வந்தோம். முகப்பில் நின்றபோது டர்போ நன்றாகவே ஆறியிருக்கும். அந்த ஒரு நிமிட டீசல் வீண்தான். ஆயாவிடம் இதை நான் சொல்லவில்லை.