உதிரும் முடியை எண்ணுவதைவிட மெலியும் முடியைக் கவனியுங்கள்

சில மாதங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையிலிருந்து 23 வயது இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். கதிரையில் அமர்ந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று நாட்களாகக் குளியலறைத் தரையிலும் தலையணையிலும் கிடந்த முடிகளைப் பொறுக்கி, எண்ணி, உறையின் மேல் 84, 91, 77 என்று எழுதியிருந்தார். "டொக்டர், வேரோட கழண்டு வருது" என்று ஒரு முடியின் அடியிலிருந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். இரவில் நித்திரை வருவதில்லை என்பதை அவருடைய கண்களே சொல்லின.

அந்த எண்ணிக்கையில் கவலைப்பட ஏதுமில்லை. தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடிகள் உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பானது. அந்த வெள்ளைப் புள்ளியும் வேர் அன்று. ஓய்வுக் கட்டத்தை முடித்துக்கொண்டு உதிரும் எந்த முடியின் அடியிலும் அது இருக்கும், முடியை வளர்க்கும் மயிர்க்கால் தோலுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் அவருடைய முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி உருப்பெருக்கியால் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பெரும்பாலானவை தடித்தும், கத்தரி பட்டதால் நுனி மழுங்கியும் இருந்தன. அவற்றுக்கிடையே இரண்டு சென்ரிமீற்றர்கூட நீளாத, நூலிழை போல் மெலிந்த, நுனி கூர்ந்த முடிகள் பல கிடந்தன. கத்தரி எட்டும் உயரத்துக்கு வளராமலே உதிர்ந்துவிட்ட முடிகள் அவை. அவர் அஞ்சிய காரணம் தவறானது, ஆனால் அச்சத்துக்கு இடம் இருந்தது.

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையின் அடிப்படை இதுதான். ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை முடியை வளர்த்து, சில வாரங்களில் அந்த வளர்ச்சியை நிறுத்தி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்ந்து, பின்னர் புதிய முடியைத் தொடங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஹோர்மோனிலிருந்து உடலில் உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களை, அவை பரம்பரையாக அதற்கு உணர்திறன் கொண்டவையாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகச் சுருங்கச் செய்கிறது. வளர்ச்சிக் காலம் குறைகிறது, அடுத்து வரும் முடி முந்தியதைவிட மெலிந்து வருகிறது. பிடரிப் பக்கத்து மயிர்க்கால்கள் பெரும்பாலும் இதற்கு அசைவதில்லை. எனவே முடி கொட்டுவதைவிட, கொட்டிய இடத்தில் எத்தகைய முடி திரும்பி வருகிறது என்பதுதான் கவனிக்கவேண்டியது. அடர்த்தியில் ஏறத்தாழ பாதி குறைந்த பின்னரே கண்ணாடியில் அது தெளிவாகத் தெரியத் தொடங்கும் என்பதால், கண்ணாடியை மட்டும் நம்பியிருப்பவர் தாமதமாகவே வருகிறார்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பிடரியிலிருந்து சில முடிகளை இரு விரல்களுக்கிடையே பிடித்து உருட்டிப் பாருங்கள், பின்னர் முன்நெற்றியிலிருந்தும் உச்சியிலிருந்தும் அவ்வாறே செய்யுங்கள். முன்பக்கத்து முடி பஞ்சு போல மென்மையாக உணரப்பட்டால் அது ஓர் ஆரம்ப அடையாளம். நெற்றியின் இரு ஓரங்களும் நடுப்பகுதியைவிட வேகமாகப் பின்வாங்குவது, உச்சிச் சுழியைச் சுற்றித் தோல் அகலமாகத் தெரிவது, முன்பு படிந்து நின்ற முடி இப்போது வாரியவுடன் சரிந்துவிடுவது, கொழும்பின் மதிய வெயில் உச்சியில் சுரீரென்று உறைப்பது ஆகியனவும் கவனத்துக்குரியவை. பல வேளைகளில் இதை முதலில் காண்பவர் சலூன்காரரே. உங்கள் தலையை மாதந்தோறும் மேலிருந்து பார்ப்பவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னால் கேளுங்கள்.

பழைய படங்களோடு ஒப்பிடுவது நல்ல வழி, ஆனால் எந்தப் படம் என்பதில் கவனம் வேண்டும். பலர் 16 வயதில் எடுத்த அடையாள அட்டைப் படத்தைக் காட்டி அஞ்சுகிறார்கள். பதின்பருவத்தின் முடிவிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆண்களின் நெற்றிக்கோடு ஓரிரு சென்ரிமீற்றர் மேலே நகர்வது முதிர்ச்சியின் ஒரு பகுதி, அது நோய் அன்று. சாரதி அனுமதிப்பத்திரத்தில் உள்ள படம் பெரும்பாலும் 18 வயதுக்குப் பின்னர் எடுக்கப்பட்டது என்பதால், ஒப்பீட்டுக்கு அதுவே பொருத்தமானது. அதற்குப் பின்னரும் மாற்றம் தொடர்கிறதா என்றறிய, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், உலர்ந்த முடியோடு நெற்றியையும் உச்சியையும் படமெடுத்து வையுங்கள்.

எல்லா முடியுதிர்வும் இதுவல்ல. டெங்குக் காய்ச்சலில் படுத்தெழுந்து இரண்டு மூன்று மாதங்களில் கைப்பிடியாக முடி கொட்டுகிறது என்று வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடும் காய்ச்சல், சத்திரசிகிச்சை, திடீரென உணவைக் குறைத்து எடையிழப்பது போன்றவற்றால் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதால் வருவது அது. தலை முழுவதும் உதிரும், பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் அடங்கிவிடும். நாணயம் போல வட்டமாக, வழுவழுப்பாக முடி போனால் அது புழுவெட்டு. செதில், சீழ், வலி, தழும்பு என்று ஏதாவது இருந்தால் நாட்களை வீணாக்காமல் வைத்தியரிடம் செல்லவேண்டும், ஏனெனில் தழும்பாகிப்போன இடத்தில் மயிர்க்கால் மீள்வதில்லை. உடற்பயிற்சி நிலையங்களில் தசை வளர்க்கவென்று கைமாறும் ஸ்டீரொயிட் ஊசிகள் பரம்பரை வழுக்கையை விரைவுபடுத்தும் என்பதையும் இளைஞர்கள் அறிந்திருக்கவேண்டும்.

"தாய்மாமனைப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆண் ஹோர்மோன்களை மயிர்க்காலில் உணரும் ஆண்ட்ரோஜன் ஏற்பிக்குரிய மரபணு தாயிடமிருந்து பெறும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆனால் வேறு பல மரபணுக்களும் பங்குகொள்வதால் தந்தையையும் பார்க்கத்தான் வேண்டும். ஹெல்மெட்டும் குழாய் நீரும் இதற்குக் காரணமல்ல. மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் உண்மையல்ல, வெட்டுப்பட்ட நுனி தடித்துத் தெரிவதால் வரும் தோற்றமே அது. எண்ணெய் வைப்பதால் முடி பளபளக்கும். சுருங்கும் மயிர்க்காலை அது தடுக்காது. எனக்கு வருத்தம் தருவது, எண்ணெய்களிலும் விளம்பர மாத்திரைகளிலும் இரண்டு மூன்று ஆண்டுகளையும் பெற்றோரின் பணத்தையும் கரைத்துவிட்டு வருபவர்களைப் பார்ப்பதுதான். சிகிச்சை மிக நன்றாகப் பலன் தரக்கூடிய காலம் அதுவே.

தலையில் பூசும் மினொக்சிடில், வைத்தியரின் சீட்டோடு மட்டும் எடுக்கவேண்டிய ஃபினாஸ்டெரைட் 1 மில்லிகிராம் மாத்திரை ஆகிய இரண்டுமே நன்கு ஆராயப்பட்டவை. மினொக்சிடில் தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கூடலாம். அதைக் கண்டு நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக்கூடாது. பலனை அறிய நான்கு முதல் ஆறு மாதங்கள் வேண்டும், கைவிட்டால் சில மாதங்களில் பழைய நிலை திரும்பும். ஃபினாஸ்டெரைட் சிலருக்குப் பாலியல் விருப்பக் குறைவையும் மனச்சோர்வையும் தரலாம் என்பதால், அவற்றைக் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய வைத்தியரிடமே அதைத் தொடங்குங்கள். அம்மாத்திரை ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது; கொடுக்கும் இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் ஆகையால் அதை எடுப்பவர்கள் இரத்ததான முகாம்களில் இரத்தம் கொடுக்கக்கூடாது, நிறுத்திய பின்னரும் குறைந்தது ஒரு மாதம் காத்திருக்கவேண்டும். இருபதுகளின் தொடக்கத்தில் முடி மாற்று சிகிச்சைக்கு அவசரப்படுவதை நான் ஊக்குவிப்பதில்லை: நட்ட முடி நிற்கும், அதன் பின்னாலுள்ள முடி தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவில் இதற்குக் கட்டணமின்றிக் காட்டலாம். வரும் நாளில் எண்ணெயோ ஜெல்லோ பூசாமல் வாருங்கள், சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துவந்த படங்களையும் கொண்டுவாருங்கள், கடந்த ஆறு மாதங்களில் வந்த காய்ச்சலையும் எடுத்த மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதிர்ந்த முடியை எண்ண வேண்டியதில்லை.