டெல்லி பெவிலியனா, கோவை ஸ்டாலா, திருத்துறைப்பூண்டி பந்தலா? ஸ்டார்ட்அப் நிகழ்ச்சிக்கு கிளம்புறதுக்கு முன்னாடி

கும்பகோணத்துல ஆடிட்டரா பிராக்டிஸ் பண்றேன். கம்பெனி பதிவு, ஜிஎஸ்டி, லோன் ஃபைல்னு வர்ற சின்னப் பசங்க, சின்னத் தொழில் பண்ற அக்காங்க எல்லாரும் இப்ப கேக்குற கேள்வி, "சார், இந்த ஸ்டார்ட்அப் மாநாட்டுக்கு போகலாமா, இல்ல அதுக்கு போகலாமா, எது பெருசு?" நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், அங்க உங்க எதிர்ல வந்து நிக்கப் போறது யாரு? பொருள் வாங்குறவரா, பணம் போடுறவரா, அரசாங்க ஆளா, இல்ல உங்களை மாதிரியே தொழில் ஆரம்பிச்சவரா? அது தெரிஞ்சாத்தான் டிக்கெட் போடுறதைப் பத்தியே பேசலாம்.

டெல்லில ஸ்டார்ட்அப் மகாகும்ப்னு ஒண்ணு நடக்குது, 2024 மார்ச்சுல முதல் தடவை பாரத் மண்டபத்துல, அடுத்தது 2025 ஏப்ரல்ல அதே இடத்துல. துறைவாரியா பெவிலியன், ஆயிரக்கணக்குல கம்பெனிங்க, பாக்கவே பிரமிப்பா இருக்கும். ஆனா அவ்ளோ பேருக்கு நடுவுல ஒரு பாரம்பரிய அரிசி அவல் பாக்கெட்டை யாரு நின்னு பாப்பாங்கன்னு யோசிங்க. திருவாரூர் பக்கத்துல இருந்து எனக்கு ஒரு கிளையண்ட், இப்படி ஒரு பெரிய எக்ஸ்போவுக்கு போயிட்டு பை நிறைய விசிட்டிங் கார்டோட வந்தாங்க, ஒவ்வொண்ணா போன் போட்டா பாதிக்கு மேல வெப்சைட் பண்ணித் தர்றவங்க, பிராண்டிங் பண்றவங்க, லோன் ஏஜெண்ட்டு, எல்லாமே இவங்ககிட்ட விக்க வந்தவங்க! வடநாட்டு டிஸ்ட்ரிப்யூட்டர் வேணும், மாசம் இவ்ளோ டன் என்னால கொடுக்க முடியும்னு கணக்கு இருக்கறவங்க தாராளமா போங்க. மாசம் நூறு கிலோ பண்றவங்களுக்கு அந்த ஸ்டால் காசுல ஒரு பேக்கிங் மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

இதுல ஜிஎஸ்டி சங்கதி ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு கீழதானே டர்ன்ஓவர், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாமேன்னு இருப்பாங்க. வேற மாநிலத்துல ஸ்டால் போட்டு அங்கேயே வரி உள்ள சரக்கை வித்தா அந்த கணக்கு செல்லாது, அந்த மாநிலத்துல கேஷுவல் டாக்ஸபிள் பெர்சன்னு தற்காலிகப் பதிவு எடுக்கணும், குறைஞ்சது 5 நாள் முன்னாடி அப்ளை பண்ணணும், வரியை முன்கூட்டியே டெபாசிட் பண்ணணும், 90 நாள் வரைக்கும் செல்லும். பேக் பண்ணி லேபிள் ஒட்டின 25 கிலோ வரைக்குமான அரிசிக்கு 2022 ஜூலைல இருந்து 5 சதவீதம் வரி வந்துடுச்சு, அதனால அரிசிதானேன்னும் விட முடியாது. ஏற்கெனவே ஜிஎஸ்டி நம்பர் வச்சிருக்கறவங்க ஸ்டால்ல சாம்பிள் மட்டும் காட்டி ஆர்டர் எடுத்துட்டு, பில்லும் பார்சலும் தஞ்சாவூர்ல இருந்து அனுப்புறது சுலபம். தலையாட்டி பொம்மை, நாச்சியார்கோவில் விளக்கு மாதிரி கைவினைப் பொருளுக்கு 20 லட்சம் வரைக்கும் இந்தப் பதிவு வேண்டாங்கற தனிச் சலுகை இருக்கு, ஆனா பான் நம்பரும், சரக்கு கொண்டுபோறதுக்கான ஈ-வே பில்லும் இல்லாம கிளம்பாதீங்க.

நம்ம மாநிலத்துல தமிழக அரசோட புத்தொழில் அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தின உலகப் புத்தொழில் மாநாடு 2025 அக்டோபர் 9, 10ல கோவை கொடிசியா கண்காட்சி வளாகத்துல நடந்துச்சு. என் பார்வையில டெல்டாக்காரங்களுக்கு டெல்லியை விட இந்த மாதிரி கூட்டம்தான் லாபம். தமிழ்லயே பேசலாம், டான்சீட் மாதிரி ஆரம்பநிலை நிதியைப் பத்தி அதைக் கொடுக்குற ஆளுங்ககிட்டயே கேக்கலாம். அதைவிட முக்கியம் ஊரு. கோவைல மோட்டாரும் பம்பும் வார்ப்பும் பண்றவங்க எத்தனை பேரு! வயல்ல வேலை செய்யுற கருவி ஒண்ணு டிசைன் பண்ணி வச்சிருக்கற பையனுக்கு இன்வெஸ்டரை விட அதை நூறு பீஸ் செஞ்சு தர்ற பட்டறைக்காரர்தான் முதல்ல வேணும், மாநாடு முடிஞ்சு ஒரு நாள் கூட தங்கி கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைங்களை சுத்திட்டு வாங்கன்னுதான் நான் சொல்லி அனுப்புவேன்.

தொழில் முனைவோருக்கான டை (TiE) அமைப்பு வேற ரகம். 1992ல சிலிக்கான் வேலில நம்ம ஆளுங்க ஆரம்பிச்சது, சென்னைலயும் கிளை இருக்கு, டைகான்னு மாநாடு நடத்துறாங்க. மெம்பர்ஷிப்புக்கு காசு உண்டு, பதிலுக்கு தொழில் பண்ணி ஜெயிச்ச ஆளுங்க மென்டரா, அதாவது வழிகாட்டியா கிடைப்பாங்க. ஒரு நாள் டிக்கெட் எடுத்துப் போறதை விட வருஷம் பூரா கூட்டத்துக்கு போனாத்தான் பலன், ஆக ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸோ உழவனோ ஏறி அடிக்கடி சென்னை போக முடிஞ்சவங்களுக்குத்தான் இது. ஹெட்ஸ்டார்ட்ங்கற அமைப்போட ஸ்டார்ட்அப் சாட்டர்டே மாதிரி ரெண்டாவது சனிக்கிழமை கூட்டம் எல்லாம் தன்னார்வலர்ங்க நடத்துறது, பகட்டு இருக்காது, பக்கத்து சீட்டுக்காரர் உங்க மாதிரியே முட்டி மோதிட்டு இருப்பாரு, பேச்சு உண்மையா இருக்கும். சாப்ட்வேர் விக்கிறவங்க, அந்தத் தொழில்காரங்க கூடுற சாஸ்பூமி பக்கம் போங்க, அவல் விக்கிறவங்களுக்கு அங்க வேலை இல்ல.

இவ்ளோ தூரம் போறதுக்கு முன்னாடி நம்ம காலடில இருக்கறதை பாருங்களேன். தஞ்சாவூர் நிஃப்டெம், பழைய நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம்தான், உணவுத் தொழிலுக்குன்னே இன்குபேஷன், அதாவது புதுத் தொழிலை வளர்த்து விடுற மையம் வச்சிருக்காங்க, புதுசா ஒரு பொருளை சோதிச்சுப் பாக்க இதை விட கிட்டக்க எங்க போவீங்க? திருச்சில வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு, என்ஐடி இருக்கு, திருமலைசமுத்திரத்துல சாஸ்திரா இருக்கு. சின்ன உணவுத் தொழிலுக்கு மத்திய அரசோட பிஎம்எஃப்எம்இ திட்டத்துல 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் மானியம் இருக்கு, அதுக்கு எந்த மேடையிலயும் ஏறி தொழிலை விளக்கி பணம் கேட்டு பிட்ச் பண்ண வேண்டியதில்ல.

அப்புறம் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா. யாரும் இதை ஸ்டார்ட்அப் நிகழ்ச்சின்னு சொல்ல மாட்டாங்க, நான் சொல்லுவேன். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஆரம்பிச்சு வச்சது, ரெண்டு கிலோ விதைநெல் வாங்கிட்டுப் போற விவசாயி அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பித் தரணும். ஒரு சமூகம் எப்படி தன்னைத்தானே வளர்த்துக்கணும்னு எந்த மாநாட்டு ஸ்லைடும் இவ்ளோ தெளிவா காட்டல. மாப்பிள்ளை சம்பா கஞ்சி மிக்ஸோ, இயற்கை இடுபொருளோ, கையால தள்ளுற களைக்கருவியோ பண்றவங்களுக்கு அந்தப் பந்தல்ல வர்ற விவசாயிதான் கஸ்டமர், சரக்கு வர்ற இடமும் அவருதான், குறையை முகத்துக்கு நேரா சொல்றவரும் அவருதான்.

இனி பேப்பர் விஷயம், இதுலதான் எனக்கு வயிறு எரியுது. பேராவூரணி பக்கத்துப் பையன், தேங்காய் மட்டை உரிக்கிற மிஷின்ல ஒரு நல்ல மாத்தம் பண்ணியிருந்தான், நேரா மேடை ஏறி டெமோ கொடுத்துட்டான், நடத்துனவங்க வீடியோவை நெட்ல போட்டுட்டாங்க, அதுக்கப்புறம்தான் பேட்டன்ட் (காப்புரிமை) எடுக்கலாமான்னு வந்தான். பேட்டன்ட் சட்டத்துல புதுமைங்கறது முதல் படி, நீங்களே ஊருக்கு காட்டிட்டா அது போச்சு. 31வது பிரிவுல கண்காட்சிக்கு விலக்கு இருக்கே சார்னு சிலர் கேப்பாங்க, இருக்கு, ஆனா மத்திய அரசு கெஜட்ல அறிவிச்ச கண்காட்சிக்கு மட்டும்தான், காலேஜ் ஆடிட்டோரியத்துல நடக்குற டெமோ டேவுக்கு இல்ல. அதனால முதல்ல புரொவிஷனல் அப்ளிகேஷன், அதாவது தற்காலிக விண்ணப்பம் போட்டுடுங்க, முழு விவரம் கொடுக்க 12 மாசம் டைம் கிடைக்கும். மத்திய அரசோட தொழில் துறையான டிபிஐஐடி கொடுக்குற ஸ்டார்ட்அப் அங்கீகாரம் இருந்தா பேட்டன்ட் கட்டணத்துல 80 சதவீதம் குறையும்.

அந்த அங்கீகாரத்துக்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்குறதில்ல, ஆன்லைன்ல நீங்களே போடலாம். ஆனா தனிநபர் பேர்ல நடக்குற கடைக்கு கிடையாது, பிரைவேட் லிமிடெட்டோ, எல்எல்பியோ, பதிவு பண்ணின கூட்டு நிறுவனமோ இருக்கணும். நம்ம பக்கம் பாதிப் பேர் அப்பா பேர்ல இருக்கற ப்ரொப்ரைட்டர்ஷிப்பை வச்சுக்கிட்டு பிட்ச் பண்ணப் போயிடுறாங்க, இன்வெஸ்டர் ஓகே சொன்னாலும் ஷேர் எங்க இருந்து கொடுப்பீங்க?

காசு கேக்குற மேடைங்க தனி. இது புதுசும் இல்ல, அமெரிக்காவுல டெமோங்கற நிகழ்ச்சில மேடை ஏறவே 18,500 டாலர் வாங்குனாங்க, அதுக்குப் போட்டியா வந்த டெக்க்ரஞ்ச்50 காசே வாங்காம தகுதி பாத்து எடுக்குறோம்னு சொல்லி 2008 செப்டம்பர்ல கிட்டத்தட்ட அதே தேதில நடத்துனாங்க. இங்க வர்றது, "வாழ்த்துகள், டாப் 50ல வந்துட்டீங்க, கன்ஃபர்ம் பண்ண இவ்ளோ கட்டுங்க"ன்னு மெயில். நீங்க அப்ளையே பண்ணாத விருது எப்படி வரும்? ஸ்டாலுக்கு வாடகை கேக்குறது நியாயம், இடம், கரண்ட்டு, மேஜை கொடுக்குறாங்க. ஜட்ஜ் முன்னாடி அஞ்சு நிமிஷம் பேச ஃபீஸ் கேட்டா, போன வருஷம் கலந்துக்கிட்டவங்க லிஸ்ட் கேளுங்க, அதுல நீங்களா ரெண்டு பேரைப் பொறுக்கி போன் போட்டு ஆர்டர் வந்துச்சா, அந்த இன்வெஸ்டர் திரும்ப பேசினாரான்னு கேளுங்க, லிஸ்ட் தர மாட்டோம்னா அந்தப் பக்கமே போகாதீங்க. எல்லாம் சரியா இருந்தாலும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஃபார்ம்ல ரீஃபண்ட் வரியையும், உங்க டெமோ வீடியோவை யார் எங்க போடலாம்னு இருக்கற வரியையும் படிச்சிடுங்க, புரியலைன்னா உங்க ஊரு ஆடிட்டர்கிட்ட காட்டிட்டு கையெழுத்து போடுங்க.