வாள் அலகும் இங்க் ஃபில்லரும்

ஹம்மிங்பேர்டு, ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரிதானே பூவிலிருந்து தேனை உறிஞ்சுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. அது செய்வது இன்னும் அழகான வேலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் செம்பருத்தியில் தொங்கிக்கொண்டு தேன் குடிப்பது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டு, அதாவது ஓசனிச்சிட்டு, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. முந்நூற்றுக்கும் மேற்பட்ட அந்த இனங்களில் என் மனதுக்கு நெருக்கமானது வாளலகு ஓசனிச்சிட்டு. வெனிசுவேலா முதல் பொலிவியா வரை, ஆண்டிஸ் மலைகளில், மேகம் வந்து படிந்து மரத்துப் பாசியெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும் காடுகளில் வாழ்கிறது. எடை 10 முதல் 15 கிராம். அலகோ கிட்டத்தட்ட 10 செ.மீ. வாலை விட்டுவிட்டு அளந்தால் உடம்பைவிட அலகு நீளம். வேறு எந்தப் பறவைக்கும் இப்படிக் கிடையாது. கிளையில் உட்கார்ந்தால் அலகை வானம் பார்க்கத் தூக்கி வைத்துக்கொள்ளும். அந்த அலகை வளைத்துத் தன் இறகைக் கோத முடியாது என்பதால் காலால்தான் கோதிக்கொள்கிறது.

இவ்வளவு நீளம் எதற்கு? கொடைக்கானலில் தாட்பூட் பழம் என்றும் இலங்கையில் கொடித்தோடை என்றும் சொல்கிறோமே, அந்தக் கொடிக்கு உறவான சில கொடிகள் ஆண்டிஸில் நீண்ட குழல் போன்ற பூக்களைத் தொங்கவிடுகின்றன. தேன் குழலின் மறுகோடியில் இருக்கும். பறவை கீழிருந்து அலகை மேலே செலுத்தி, முகம் நிறைய மகரந்தத்தோடு திரும்பும்.

சரி, இப்போது நாக்குக்கு வருவோம். ஓசனிச்சிட்டின் நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். இரண்டு பிளவிலும் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் ஓடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இந்த வாய்க்காலில் தேன் தானாக ஏறுகிறது என்று 1833 முதல் சொல்லிவந்தார்கள். கொலம்பியாவைச் சேர்ந்த அலெஹாண்ட்ரோ ரிக்கோ-குவேரா, கண்ணாடிபோல உள்ளே தெரியும் செயற்கைப் பூக்களை வைத்து அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார். 2011-லும் 2015-லும் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வுகளில் வேறு கதை தெரிந்தது.

பள்ளியில் இங்க் ஃபில்லர் வைத்திருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ரப்பர் குமிழை அமுக்கி, மைக்குள் விட்டு, கையை எடுத்தால் குமிழ் உப்பும்போது மை ஏறும். ஓசனிச்சிட்டு நாக்கை நீட்டும்போது அலகின் நுனி அதை நசுக்கித் தட்டையாக்குகிறது. தட்டையாகவே நாக்கு தேனை நோக்கிப் போகிறது. காற்றில் இருக்கும்வரை அது உப்புவதில்லை. தேனைத் தொட்ட கணத்தில் வாய்க்கால்களின் சுவர் விரிந்து பழைய உருவத்துக்குத் திரும்ப, தேன் உள்ளே பாய்கிறது. நுனியில் இன்னொரு வேலை நடக்கிறது. அங்கே ஓரத்தில் இருக்கும் மெல்லிய இழைகள் தேனுக்குள் மலர்ந்து, வெளியே வரும்போது தாமாகச் சுருண்டு தேனைப் பொத்திக்கொள்கின்றன. இதற்குத் தசை எதுவும் வேலை செய்வதில்லை. செத்த பறவையின் நாக்கை நனைத்து எடுத்தபோதும் அப்படியே சுருண்டது!

இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டு இந்த மாதிரி ஆய்வுக்குப் பணம் தர மறுப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஒரு தவறான விளக்கம் நிலைத்திருந்தது, பூவுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சரியாகப் பார்க்காததால். பார்ப்பதற்கு ஆளும் கேமராவும் காட்டில் தங்கும் நாட்களும் வேண்டும். அதற்குக் காசு வேண்டும்தானே?

ஓசனிச்சிட்டு இப்படி நாக்கை நீட்டி இழுப்பது வினாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை நடக்கும். அப்புறம், நாக்கில் ஏறிய தேன் எப்படி வாய்க்குள் இறங்குகிறது? அடுத்த முறை நாக்கை நீட்டும்போது அலகின் நுனி நசுக்குகிறது அல்லவா, அப்போதுதான் பழைய தேன் பிழிபட்டு அலகுக்குள் நிற்கிறது. அதே நசுக்கலில் நாக்கு மறுபடி தட்டையாகி அடுத்த வாய்த் தேனுக்குத் தயாராகிவிடுகிறது.