கைனோசியஸ்: பெண்பூக்கொடி

ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் போட்டிருக்கும் என் சித்தப்பா ஒருமுறை வெள்ளரி விதைப் பொட்டலத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அதில் 'கைனோசியஸ் ஹைபிரிட்' என்று இருந்தது. "இது கம்பெனி பேரா, ரகத்தோட பேராப்பா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. அது அந்தக் கொடி பிறவியிலேயே கொண்டுவரும் குணத்தின் பெயர்.

வெள்ளரிப் பந்தலுக்குள் குனிந்து பார்த்தவர்களுக்கு இந்தக் குணம் உடனே புரியும். ஆண் பூ மெல்லிய காம்பில், இலைக் கக்கத்தில் கொத்தாக நிற்கும். பெண் பூவின் இதழுக்குக் கீழே, பூ விரிவதற்கு முன்பே, முள்ளும் மருவுமாக ஒரு குட்டி வெள்ளரிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண வெள்ளரியில் முதலில் ஆண் பூக்கள் வரும், அப்புறம்தான் பெண் பூக்கள். இரண்டும் ஒரே கொடியில் இருக்கும். கைனோசியஸ் கொடியில் ஏறக்குறைய எல்லாக் கணுவிலும் பெண் பூதான். கணுவுக்குக் கணு பிஞ்சு என்றால் விளைச்சல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல் கிரேக்க வேரிலிருந்து கட்டியது. 'குனே' என்றால் பெண், 'ஒய்கோஸ்' என்றால் வீடு. செடி கொடியைப் பற்றிய சொல்லில் வீடு எப்படி நுழைந்தது? அதற்குக் காரணம் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். 1735-இல் அவர் தாவரங்களைப் பூவின் பால் உறுப்புகளை வைத்து வகைப்படுத்தியபோது, ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் இருந்தால் 'ஒரு வீடு' என்றும், தனித்தனிச் செடியில் இருந்தால் 'இரு வீடு' என்றும் பெயர் வைத்தார். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் குடியிருப்பதாக அவருடைய கற்பனை. நம் பாடநூல்களில் வரும் ஓரில்லத் தாவரம், ஈரில்லத் தாவரம் என்ற சொற்கள் அங்கிருந்து வந்தவைதான். அழகான சொற்கள். கைனோசியஸ் மட்டும் இன்னும் தமிழ் எழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறது.

அதே வழியில் போனால் 'பெண்ணில்லம்' என்று ஆக்கலாம். எனக்கு அது ஒப்பவில்லை. காதில் விழுந்தால் மகளிர் விடுதி நினைவுக்கு வருமே தவிர வெள்ளரி வராது. நம்மிடம் வேறொரு வழி முன்பே இருக்கிறது. பனையைப் பார்த்து ஆண்பனை, பெண்பனை என்று சொல்லி வந்தவர்கள் நாம். திருவோத்தூரில் சம்பந்தர் பாடி ஆண்பனைகள் குலை ஈன்ற கதை அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆண், பெண் என்பதைச் செடியின் பெயரிலேயே நேராகச் சேர்ப்பது நம் வழக்கம்.

அப்படியானால் 'பெண்கொடி' என்று சொல்லலாமா? கூடாது. பெண்கொடி என்றால் செய்யுள் வழக்கில் பெண்ணே ஆகிவிடுவாள். தவிர, இங்கே பால் கொடிக்கு உரியதும் அல்ல, பூவுக்கு உரியது. அதனால் நடுவில் பூ வேண்டும்: பெண்பூக்கொடி. குணத்தைச் சொல்ல வேண்டுமானால் பெண்பூத்தன்மை.

பால் கொடிக்கு உரியது அல்ல என்று அழுத்திச் சொல்லக் காரணம், அதே கொடியை ஆண் பூ பூக்க வைக்க முடியும். பெண் பூ மட்டும் பூக்கும் கொடியிலிருந்து விதை எடுப்பது எப்படி என்பது வளர்ப்பாளர்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. 1960-இல் அமெரிக்காவில் பீட்டர்சனும் அவருடன் வேலை செய்தவரும் ஜிப்பரலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து, பெண்பூக்கொடியில் ஆண் பூ வரவழைத்துக் காட்டினார்கள். அப்புறம் சில்வர் நைட்ரேட் வந்தது. அந்த வெள்ளி உப்பு, செடிக்குள் உண்டாகும் எத்திலீன் என்ற வாயு வேலை செய்யாமல் தடுக்கும். தடுத்தால் ஆண் பூ வரும். வாழைத்தாரைப் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும்போது வேலை செய்கிற அதே எத்திலீன்தான் வெள்ளரியில் பெண் பூவை முடிவு செய்கிறது. எத்திலீனை வெளிவிடும் எத்ரல் மருந்தைத் தெளித்தால் பெண் பூ கூடுவதும் அதனால்தான்.

இந்தக் குணம் எந்த மரபணுவில் இருக்கிறது என்று தேடிப் பிடித்த வேலைக்குத்தான் மரபணு வரைபடம் போடுதல் என்று பெயர். பெண்பூக்கொடியையும் ஓரில்லக் கொடியையும் கலந்து, அவற்றின் பேரப்பிள்ளைகளை வரிசையாக நட்டு, எது எப்படிப் பூக்கிறது என்று எண்ணுவார்கள். ஒரு குணமும் ஒரு டி.என்.ஏ. அடையாளமும் பிள்ளைகளிடம் சேர்ந்தே போனால், இரண்டும் குரோமோசோமில் பக்கத்து வீட்டுக்காரர்கள். 100 பிள்ளைகளில் ஒன்றில் பிரிந்து போனால் அந்தத் தூரம் ஏறக்குறைய ஒரு சென்டிமார்கன்; மரபணு வரைபடத்தில் தூரத்தை அளக்கும் அலகு அது. இந்த முறையை 1913-இல் அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்டிவென்ட் பழ ஈயில் தொடங்கி வைத்தார்.

வெள்ளரிக்கு 7 இணை குரோமோசோம்கள். 2009-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டதும் வேலை சட்டென்று எளிதானது. பெண்பூத்தன்மைக்கு 'எஃப்' என்ற இடம் காரணம் என்று முன்பே தெரியும். அது ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. எத்திலீன் தயாரிக்க உதவும் மரபணு அங்கே கூடுதலாக ஒரு நகல் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. நகல் கூடினால் எத்திலீன் கூடும், எத்திலீன் கூடினால் பெண் பூ கூடும். 'எம்' என்ற இன்னொரு மரபணு, பெண் பூவுக்குள் மகரந்தத்தாள் வளராமல் தடுக்கிறது. அது கெட்டுப்போனால் இருபால் பூ வரும்.

'எஃப்' இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால் கொடி உறுதியாகப் பெண் பூவையே பூக்கும். ஹைபிரிட் விதையில் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வரும். அப்படிப்பட்ட கொடியில் வெயில் ஏறி, பகல் நீண்டால் இடையிடையே ஆண் பூ தலைகாட்டும். விதை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

சித்தப்பாவிடம் கடைசியாகச் சொன்னதை இங்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் குழப்பிக்கொண்டு நட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெண்பூக்கொடி வேறு, கருவுறாக்கனி வேறு. கருவுறாக்கனி என்பது மகரந்தம் சேராமலே பிஞ்சு காயாவது. வலையடைத்த குடிலுக்குள் தேனீ வராது, அங்கே அதுதான் வேண்டும். வெறும் பெண்பூக்கொடியை உள்ளே நட்டால் கணுவுக்குக் கணு பிஞ்சு பிடிக்கும், பிறகு மஞ்சளாகி உதிரும். திறந்த வயலிலும் மகரந்தம் கொடுக்க ஓரில்ல வெள்ளரியை ஊடே நட வேண்டும். சில பொட்டலங்களில் அந்த விதையையும் கலந்தே தருவார்கள். பொட்டலத்தில் 'பெண்பூக்கொடி, தேனீ தேவை' என்று இரண்டு சொல் அச்சிட்டிருந்தால் சித்தப்பா எனக்குப் படம் அனுப்பியிருக்கவே வேண்டாம்.