எலி இறந்த விதம் திசுவில் தெரியும்

கிருஷ்ணகிரித் தோப்புகளில் தொரட்டியில் வலை கட்டி இறக்கிய மாங்காயும், உலுக்கி விழவைத்த மாங்காயும் ஒன்றல்ல. விழுந்த காய் அடிபட்ட இடத்தில் கன்றிப்போகும். அந்தக் கன்றலை மரத்தின் நோய் என்று தோப்புக்காரர் யாரும் நினைக்க மாட்டார். ஆய்வக எலியின் திசுவைப் பார்க்கும்போது இந்தத் தெளிவு எளிதில் வருவதில்லை. நுண்ணோக்கி ஸ்லைடில் தெரியும் ரத்தக்கசிவு கொடுத்த மருந்தால் வந்ததா, கருணைக்கொலை செய்த முறையால் வந்ததா?

அதிகம் ஏமாற்றுவது நுரையீரல். கார்பன் டை ஆக்சைடில் இறந்த எலியின் காற்றறைகளில் ரத்தக்கசிவும் நீர்க்கோப்பும் காணப்படலாம். ரத்தம் அமிலத்தன்மை அடையும், பொட்டாசியம் ஏறும். எலியை வைத்த பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தில் வாயுவை நிரப்பச் சொல்கிறது அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி. அது எலியின் வேதனையைக் குறைப்பதற்கான கணக்கு. நுரையீரலைக் காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. மூச்சுப்பாதை ஆய்வென்றால் வேறு முறையைத் தேடுவதே நல்லது.

கழுத்தெலும்பை விலக்கிக் கொல்லும் முறையில் வேதிப்பொருள் ஏதும் உடலில் கலப்பதில்லை. ஆனால் கழுத்திலும் மேல்மார்பிலும் ரத்தம் கட்டும். அங்குள்ள தைராய்டு, தைமஸ் சுரப்பிகள் வேண்டுபவருக்கு அது ஆகாது. கழுத்தறுத்த கோழியின் மூச்சுக்குழலில் உள்ளிழுத்த ரத்தம் இருப்பதைக் கறிக்கடையில் பார்த்தவர்களுக்கு, கொல்லும் முறை அருகிலுள்ள உறுப்பில் தடம் விடும் என்பது எளிதில் புரியும்.

கருணைக்கொலைக்கு ஊசியில் போடும் மயக்க மருந்தான பென்டோபார்பிட்டால் கரைசல் வலுவான காரம். வயிற்றறைக்குள் ஊசி போட்டால் குடல், கல்லீரலின் மேற்பரப்பு பாதிக்கப்படும். மண்ணீரல் ரத்தம் தேங்கி வீங்கும். மண்ணீரல் எடையை வைத்து எதிர்ப்புசக்தியைப் பேசும் ஆய்வுக்கு இது நேரடி இடைஞ்சல். மூச்சுவழி கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் மயக்கமோ ரத்தச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு ஆய்வில் இதை மறந்தால் முடிவே மாறிப்போகும்.

அடுத்த எதிரி, இறந்த பின் கழியும் நேரம். குடலின் உள்சவ்வும் கணையமும் தம் நொதிகளாலேயே சிதையத் தொடங்கும். வெப்பம் அதை வேகப்படுத்தும். தருமபுரியில் ஏப்ரல் மத்தியானம் மின்சாரம் போன அறையில் 20 நிமிடம் கிடந்த உடலும், ஓசூரின் டிசம்பர் காலையில் அதே நேரம் கிடந்த உடலும் ஒரே ஸ்லைடைத் தராது. அதனால் குடலையும் கணையத்தையும் முதலில் எடுங்கள். துண்டு 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக வேண்டாம். திசுவைப்போல் குறைந்தது 10 மடங்கு அளவில், 10 சதவீத நடுநிலை பார்மலினில் போடுங்கள். அமிலமாகாமல் தடுக்கும் தாங்கல் கரைசல் சேர்க்காத பார்மலின் நாளடைவில் அமிலமாகி, ரத்தம் மிகுந்த திசுவில் பழுப்புப் படிவை விடும். உடனே வெட்ட முடியாவிட்டால் உடலை 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும். ஆர்என்ஏ வேண்டுமென்றால் சிறு துண்டை உடனே திரவ நைட்ரஜனில் உறையவிட வேண்டும்.

மருந்து தராத ஒப்பீட்டுக் குழுவுக்கும் மருந்துக் குழுவுக்கும் ஒரே முறைதான். ஒரு குழுவைக் காலையிலும் மற்றதை மாலையிலும் முடிக்காமல் மாற்றி மாற்றி எடுங்கள். இதில் தவறினால் ஆய்வைத் திரும்பச் செய்ய நேரும். அதற்கு இன்னொரு கூட்டம் எலிகள் உயிர்விட வேண்டும். கருணைக்கொலை முறை, அதற்குத் தந்த மருந்தின் அளவு, உயிர் பிரிந்ததிலிருந்து பார்மலினில் போட்டது வரையான நிமிடங்கள்: இந்த மூன்றையும் ஒவ்வொரு எலிக்கும் அப்போதே பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.