பகா எண், வகுத்தி, மடங்கு

சித்திரை வெயில் ஏறியதும் பாளையங்கோட்டைச் சாலையோரங்களில் நுங்குக் குலைகள் வந்து இறங்கிவிடும். காயின் தலையை அரிவாளால் சீவினால் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். சின்ன வயதில் நானும் தம்பியும் ஒரு காய்க்கு மல்லுக்கு நிற்கும்போது ஆச்சி தீர்ப்புச் சொல்வாள்: "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுங்கலே, மிச்சம் எனக்கு." இரண்டாவது காயையும் சீவிவிட்டால் ஆறு கண். அப்புறம் சண்டைக்கு வேலையே இல்லை.

பகா எண் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் அந்த மூன்று கண்ணில்தான் தொடங்குவேன்.

பகு என்றால் கூறு போடு, பங்கிடு. பகிர், பகுதி எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. பகா என்பது 'பகாத' என்பதன் கடைசி எழுத்து உதிர்ந்த வடிவம்; வாடா மலர், செல்லாக் காசு மாதிரி. இலக்கணத்தில் இதற்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பெயர். 12 கருப்பட்டியை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று எத்தனையோ விதமாகச் சம வரிசையில் அடுக்கலாம். ஒன்று கூடி 13 ஆகிவிட்டால் நீளமாக ஒரே வரிசைதான். 12 பகு எண், 13 பகா எண்.

இந்தச் சொல்லின் அச்சு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கிறது. 'நடந்தான்' என்பதை நட என்றும் ஆன் என்றும் உறுப்பு உறுப்பாகக் கழற்றலாம். 'நிலம்' அப்படிக் கழலாது. உடைத்தால் பொருள் போய்விடும். எண்ணும் அப்படியே. 60ஐக் கழற்றினால் 2 × 2 × 3 × 5. அதற்கு மேல் உடையாது.

ஆங்கிலப் 'பிரைம்' என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு 'முதலாவது' என்று பொருள். இலங்கைத் தமிழர் வழங்கும் முதன்மை எண் அந்தப் பொருளை ஒட்டியது. நல்ல சொல்தான். ஆனாலும் பகா எண் என்றால் பகுத்துப் பார் என்று பெயரே வேலை சொல்லிவிடுகிறது. என் ஓட்டு அதற்கே.

சரி, 1? அதுவும் பகாதுதானே என்று தோன்றும். இங்கே சொல்லை மட்டும் நம்பக் கூடாது. 1ஐச் சேர்த்துக்கொண்டால் 6 என்பதை 2 × 3 என்றும் 1 × 2 × 3 என்றும் எப்படியும் எழுதலாம், கணக்கு ஒரு நிலைக்கு வராது. அதனால் 1 பகு எண்ணும் இல்லை, பகா எண்ணும் இல்லை.

சோதிப்பது எளிது. 97ஐ 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பாருங்கள். எதிலும் மீதி இல்லாமல் போகாது. 11 × 11 = 121, அது 97ஐத் தாண்டிவிட்டதால் மேலே போக வேண்டாம்; 97 பகா எண். 91தான் ஏமாற்றும். பார்த்தால் பகா எண் போலவே இருக்கும், ஆனால் 7 × 13.

அந்த 7ஐயும் 13ஐயும் பாடநூல் காரணி என்கிறது. காரணம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. எண்ணை உண்டாக்குவது என்ற பொருளில். மீதியில்லாமல் வகுப்பது என்ற பொருளில் வகுத்தி என்ற சொல்லும் உண்டு. மீப்பெரு பொதுக் காரணி, மீப்பெரு பொது வகுத்தி இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. ஆச்சி என் தங்கைக்குச் சீப்பு நுனியால் வகிடு எடுப்பாளே, அந்த வகிடும் வகு என்ற வேர்தான். தலைமுடி இரண்டு பக்கமும் சமமாக விழும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வகுத்தி என்ற சொல் தானாகவே விளங்கும்.

மடங்கு, துணி மடிப்பதோடு உறவுள்ள சொல். நாலு முழ வேட்டி ஒற்றை, எட்டு முழம் இரட்டை. மடித்தால் நாலு முழத்தில் வந்து நிற்கும். 4இன் மடங்கு 8. நுங்குக்கு 3, 6, 9 என்று மூன்றின் மடங்காகப் போகும். ஏழு காய் வாங்கி வந்து, தோண்டிய கண்களை எண்ணினால் 21 வர வேண்டும். 20தான் இருக்கிறது, தம்பியும் எடுத்துத் தின்னவில்லை என்றால், அதில் ஒரு காய்க்கு இரண்டே கண்.