டாரோ: சொல் வந்த வழியும் தமிழில் அதற்கு ஒரு பெயரும்

டாரோ என்பது ஆட்டத்துக்கும் ஆரூடத்துக்கும் பயன்படும் 78 சீட்டுகள் கொண்ட கட்டின் பெயர். தமிழில் இச்சொல்லை டாரட், டாரோட், டேரட் என்று பலவாறாக எழுதுகிறார்கள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் இறுதியில் நிற்கும் எழுத்து ஒலிப்பதில்லை என்பதால், ஆங்கிலேயரும் அதை விழுங்கி டாரோ என்றே சொல்கிறார்கள். முதலெழுத்து பிரெஞ்சில் பல்லொலியாதலால் ‘தாரோ’ என்பது மூலத்துக்கு இன்னும் நெருக்கம். ஆயினும் வழக்கில் ஓரளவு ஊன்றிவிட்ட டாரோ என்ற வடிவத்தையே இங்கே கையாள்கிறேன்.

இச்சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டால் நேரான விடை கிடையாது. சீட்டுகள் பிறந்தபோது அவற்றுக்கு இந்தப் பெயரே இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியின் மிலான், ஃபெராரா போன்ற அரசவைகளில், கோப்பை, வாள், கோல், நாணயம் என்னும் நான்கு இனச் சீட்டுகள் கொண்ட வழக்கமான கட்டோடு, தனிப்பட்ட படங்கள் தீட்டிய சில சீட்டுகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டம் ஆடினார்கள். படச்சீட்டு எந்த இனச் சீட்டையும் வெட்டும் என்பதே அந்த ஆட்டத்தின் புதுமை. ஃபுளோரன்ஸில் 1440இல் எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பிலும், ஃபெராரா அரசவையின் 1442ஆம் ஆண்டுக் கணக்கேட்டிலும் இச்சீட்டுகள் ‘த்ரியோன்ஃபி’ என்ற பெயரோடு வருகின்றன. த்ரியோன்ஃபி என்றால் வெற்றிகள், வெற்றி ஊர்வலங்கள் என்று பொருள்.

தமிழ் வாசகர் ஒரு நொடி நிற்க வேண்டிய இடம் இது. த்ரியோன்ஃபியும் அதன் பிரெஞ்சு, ஆங்கில உறவுச் சொற்களும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை; ஆங்கிலத்தில் ‘ட்ரம்ப்’ என்றும் டச்சு மொழியில் ‘த்ரூஃப்’ என்றும் வெட்டுச் சீட்டுக்கு வழங்கும் பெயர்கள் அவ்வழியில் வந்தவையே. நாம் திண்ணையில் சீட்டு விளையாடும்போது சொல்லும் துருப்பும் ஐரோப்பியரிடமிருந்து பெற்ற அதே குடும்பச் சொல்தான். டாரோவுக்குத் தமிழ்ச் சொல் தேடி அலைகிறவர்கள், அதன் முதற்பெயரின் பேரப்பிள்ளை நம் வீட்டிலேயே நெடுங்காலமாகக் குடியிருப்பதைக் கவனிப்பதில்லை.

1505ஆம் ஆண்டளவில் ஃபெராராவில் ‘தரோக்கி’ என்றும் பிரான்சின் அவிஞ்ஞோனில் ‘தரோ’ என்றும் புதுப் பெயர் தலைகாட்டுகிறது. சாதாரணக் கட்டிலேயே ஓர் இனத்தைத் துருப்பாக வைத்து ஆடும் வேறோர் ஆட்டம் த்ரியோன்ஃபி என்ற பெயரை எடுத்துக்கொண்டதால், பழைய ஆட்டத்துக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது என்பது பொருத்தமான விளக்கம். அப்புதுப் பெயரின் வேர் இன்றும் தீர்ந்தபாடில்லை. அக்கால வட இத்தாலியப் பேச்சில் ‘தரோக்’ என்பது முட்டாளைக் குறித்தது, கட்டில் பித்தன் சீட்டு ஒன்று இருக்கிறது, எனவே அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. பார்மா நகருக்கு அருகே ஓடும் தாரோ ஆற்றைக் காட்டுவது இன்னொன்று.

இத்தகைய வெற்றிடத்தில்தான் கற்பனை வேர்கள் முளைக்கும். 1781இல் பாரிஸில் அந்துவான் கூர் தெ ஜெபலன் என்ற அறிஞர், தமது பெருநூலின் எட்டாம் தொகுதியில், இச்சீட்டுகள் எகிப்தியப் பூசாரிகள் மறைத்துவைத்த ஞானநூல் என்றும், ‘தார்’ என்றால் வழி, ‘ரோ’ என்றால் அரசன், ஆகவே டாரோ என்பது அரச வழி என்றும் எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஷாம்பொலியோன் படித்துக் காட்டியது 1822இல். அதாவது, எகிப்திய எழுத்தை உலகில் எவராலும் படிக்க முடியாத காலத்தில் எழுதிய எகிப்தியச் சொற்பொருள் இது. படிக்கத் தெரிந்த பின்னும் அங்கே அப்படிப்பட்ட சொல் கிடைக்கவில்லை. எனினும் ‘அரச வழி’ என்ற விளக்கம் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. நம்மிடையே எந்த ஊர்ப்பெயருக்கும் ஒரு தலபுராணம் எழுதிவிடுகிறவர்கள் இதைக் கண்டு வியப்படைய மாட்டார்கள்.

எத்தெய்யா என்ற புனைபெயரில் எழுதிய பாரிஸ்காரர் 1785இல் டாரோவைக் கொண்டு வருவது உரைக்கும் முறையை நூலாக வெளியிட்டார். ஆட்டமாக இருந்தது ஆரூடமாகவும் ஆனது இப்படித்தான், அதுவும் பிறந்து மூன்றரை நூற்றாண்டு கழித்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில், 22 படச்சீட்டுகளும் ‘பெரிய ஆர்க்கானா’ என்றும் மற்ற 56 இனச் சீட்டுகளும் ‘சிறிய ஆர்க்கானா’ என்றும் பெயர் பெற்றன. ஆர்க்கானா என்பது மறைபொருள்கள் எனப் பொருள்படும் இலத்தீன் பன்மைச் சொல்; பெட்டியைக் குறிக்கும் ‘ஆர்க்கா’ என்பதோடு தொடர்புடையது. இதைத் தமிழில் ‘பெருமறை’, ‘சிறுமறை’ என்று சிலர் பெயர்க்கிறார்கள். மறை என்றவுடன் நமக்கு வேதம் நினைவுக்கு வரும், சீட்டுக்கட்டுக்கு அவ்வளவு பாரம் வேண்டியதில்லை. 22 சீட்டுகளைத் துருப்புகள் என்றும் 56ஐ இனச் சீட்டுகள் என்றும் சொன்னால் வரலாற்றுக்கும் பொருந்தும், வாய்க்கும் எளிது.

இனி, தன்னைத்தான் அறிந்துகொள்ளத் தனியே அமர்ந்து சீட்டெடுக்கும் பழக்கத்துக்கு வருவோம். இதற்கு இடம் கொடுத்தது 1909இல் லண்டனில் வெளியான கட்டு என்பேன். ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த அந்தக் கட்டில் 78 சீட்டுகளும் காட்சிகள். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் நான்கு கோப்பை என்றால் நான்கு கோப்பைகளை மட்டுமே வரைந்திருப்பார்கள்; பொருளைக் கற்றவர்தான் சொல்ல வேண்டும். ஸ்மித்தின் நான்கு கோப்பையில், ஒரு மரத்தடியில் இளைஞன் ஒருவன் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறான். எதிரே புல்லில் மூன்று கோப்பைகள். மேகத்திலிருந்து நீளும் கை ஒன்று நான்காவதை அவன்முன் நீட்டுகிறது. அவன் அதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. இதைப் புரிந்துகொள்ள ஆசான் தேவையில்லை, கண் போதும்.

இப்பழக்கத்துக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களில் ஆரூடச் சீட்டு, சோதிடச் சீட்டு என்பவை பொருந்தா. இரண்டும் வருவதுரைத்தலுக்கு உரியவை. குறிச்சீட்டு அழகான சொல்தான், ஆனால் குறி என்பது இருவருக்கிடையே நிகழ்வது: குறத்தி சொல்வாள், தலைவி கேட்பாள். கிளி எடுத்துத் தரும் சீட்டிலும் படித்துச் சொல்ல ஒருவர் எதிரே அமர்ந்திருக்கிறார். திருவுளச்சீட்டு என்ற பழஞ்சொல் ஒன்று உண்டு. ஆனால் அங்கே தேடுவது இறைவனின் உள்ளத்தை, சீட்டெடுத்தவரின் உள்ளத்தை அன்று.

கழங்கு என்னும் கழற்சிக்காய் இவற்றையெல்லாம்விட நெருங்கி வருகிறது. புறநானூற்றில் பெண்கள் பொன்னாற் செய்த கழங்கை ஆற்று மணலில் வைத்து விளையாடுகிறார்கள்; ஐங்குறுநூற்றின் வெறிப்பத்தில் முருகன் பூசாரியான வேலன் கழங்கைக் கொண்டு தலைவியின் நோய்க்குக் காரணம் சொல்ல முற்படுகிறான், காரணம் காதல் என்று அறிந்த தோழி அதை எள்ளுகிறாள். விளையாட்டுப் பொருளே குறிப்பொருளும் ஆவது நமக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று. பெயராக அதைச் சூட்ட முடியாது. கழங்கு காய், இது தாள்.

என் கருத்தில், பொருளின் பெயரைப் பெயர்க்கத் தேவையில்லை, வேரே தீராத பெயரைப் பெயர்ப்பது கூர் தெ ஜெபலனின் வேலையாக முடியும். டாரோ சீட்டு என்பதே போதும். பெயர்க்க வேண்டியது செயலை. ஆங்கிலத்தில் அதைப் ‘படித்தல்’ என்பார்கள்; அதை அப்படியே கொண்டு ‘சுயவாசிப்பு’ என்று எழுதினால், தாமே புத்தகம் படிப்பது என்றுதான் வாசகர் கொள்வார். தமிழ் இவ்விடங்களில் எப்போதும் ‘பார்த்தல்’ என்றே சொல்லி வந்திருக்கிறது: கைரேகை பார்த்தல், பூக்கட்டிப் பார்த்தல், திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தல். யோசித்துப் பார், எண்ணிப் பார், கேட்டுப் பார் என்று துணைவினையாக வரும்போது அதே சொல் சோதித்தறிவதையும் குறிக்கிறது. கண்ணால் காண்பதும் மனத்தால் ஆராய்வதும் ஒரே வினையில் அடங்குவதால், ‘தனக்குத்தானே சீட்டுப் பார்த்தல்’ என்ற தொடர் இப்பழக்கத்தை மிச்சமின்றிச் சொல்லிவிடுகிறது. அதன் நோக்கத்தைத் தன்னாய்வு எனலாம். பிரதிபலிப்பு என்று சிலர் எழுதுவது கண்ணாடியின் வேலை. உள்நோக்கம் என்று எழுதுவோரும் உண்டு. ‘உள்நோக்கத்துடன் சீட்டுப் பார்த்தேன்’ என்றால் யாரையோ கவிழ்க்கத் திட்டமிட்டதாகப் பொருள்படும்.

சொல்லைச் சரியாக வைத்தால் கேள்வியும் மாறுகிறது. குறி கேட்கிறவர் ‘எனக்கு இந்த வேலை கிடைக்குமா’ என்பார்; தனக்குச் சீட்டுப் பார்க்கிறவர் ‘இந்த வேலையை விட நான் ஏன் தயங்குகிறேன்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு ஒரு சீட்டை எடுப்பார். மேற்சொன்ன நான்கு கோப்பை ஒரு நாள் காலை எனக்கு வந்தது. நீட்டிய கையை மதிக்காத செருக்கன் என்று அந்த இளைஞனைப் பற்றி எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அதே சீட்டு வந்தபோது, முந்தைய பக்கத்தைப் புரட்டாமலே, ‘பாவம், களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான், அவனைச் சற்று விட்டுவிடலாகாதா’ என்று எழுதியிருந்தேன். படம் மாறவில்லை.

இதில் ஏமாறவும் வழியுண்டு. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தம் மாணவர் 39 பேருக்கும் ஒரே குணவிளக்கத்தைத் தனித்தனியே எழுதியதுபோலக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னபோது, சராசரி 4.26 வந்தது. கட்டோடு வரும் கையேட்டின் விளக்கங்களும் அவ்வாறே எவருக்கும் பொருந்தும் பொதுச் சொற்கள். அதனால் சீட்டுப் பார்க்கும்போது கையேட்டை மூடி வைத்துவிட்டு, படத்தில் கண்ணுக்குத் தெரிவதை முதலில் மூன்று வரி எழுதிக்கொள்வது என் வழக்கம். கையேட்டைத் திறந்தால் அதன் பிறகுதான்.